வரலைன்னு சொல்ல வந்தேன்!

தமிழ்நாட்டு ஆபீஸ்களில் அடிக்கடி செத்துப்போகிற ஜீவன் எது தெரியுமோ? பாட்டி. ஒரே கிளார்க்குக்கு ஒரே வருஷத்தில் மூன்று பாட்டிகள் காலமான சரித்திரம் உண்டு. (தாத்தாக்கள் ஏனோ கொஞ்சம் கெட்டி.) இரண்டாவது இடம் வயிற்றுப்போக்குக்கு. அந்த வியாதியில் ஒரு சௌகரியம், எந்த மானேஜரும் மேற்கொண்டு விவரம் கேட்க மாட்டார்.

பொய்யோ மெய்யோ, லீவ் லெட்டர் என்பது ஓர் அருமையான ஏற்பாடு சார். 'இன்று வர இயலவில்லை, காரணம் இது, நாளை வருகிறேன்' என்று எழுத ஒரு காகிதம் இருக்கிறது. அதைப் போட ஒரு டிரே இருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டாவது இனிஷியல் போட ஓர் ஆள் இருக்கிறார். வராமல் போனதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

இந்த வாரம் நான் சொல்லப் போவது இதற்கு நேர் எதிர் சமாசாரம். காரணம் நூற்றுக்கு நூறு நிஜம். ஆனால் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளத்தான் டிரே இல்லை.

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, 56 வயசு. முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதினார். 2024 மார்ச்சில் ஒரு காலை பல் தேய்க்கப் போனவர், பிரஷ் கையிலிருந்து ஏன் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே கீழே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. காது ரொம்ப நாளாகவே மந்தம். "முப்பது வருஷ ஏர் ஹாரனுக்குக் கிடைச்ச போனஸ்" என்பார். வாய்க்கொழுப்பு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. டாக்டர்களே வியந்தார்கள்.

ஒரு வருஷம் பிசியோதெரபி, எண்ணெய், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. இனி இவ்வளவுதான் என்று தெரிந்ததும், 2025-ல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம். இப்போது யாரும் பழைய மாதிரி காகிதச் சான்றிதழை நேரடியாகக் கையில் வாங்க முடியாது. 2021 ஜூன் 1 முதல் நாடு முழுக்க ஆன்லைனில்தான் சான்றிதழ். 'யு.டி.ஐ.டி.' என்று ஒரு தேசிய அட்டை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுவிடலாம். ஆனால் காலையும் கையையும் ஆன்லைனில் அனுப்ப முடியாதே! அதற்கு மருத்துவக் குழு முன்னால் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்க முடியாது என்பதுதானே கேஸ் என்று கேட்காதீர்கள்.

யார் கூட்டிக்கொண்டு போவது? அத்தை என்னைக் கைகாட்டிவிட்டார். "அவன்தான் சும்மா வீட்ல உக்காந்து எழுதிட்டிருக்கான்." ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு லீவ் லெட்டர் தேவையில்லை, ஏனென்றால் அவனுக்கு வேலையே இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்.

* * *

எங்களுக்குக் கிடைத்த முதல் தேதி ஒரு புதன்கிழமை. செவ்வாய் ராத்திரி மாமாவுக்கு 103 டிகிரி ஜுரம். அங்கே போனவர்களிடம் வாங்கிய லேண்ட்லைன் நம்பருக்குப் போன் அடித்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சரி, நேரில் சொல்லி வேறு தேதி வாங்கலாம் என்று மறுநாள் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றரை மணி நேரம் க்யூவில் நின்று, கவுண்ட்டரை அடைந்தேன்.

"சார், எங்க மாமாவால இன்னிக்கு வர முடியலை. ஜுரம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கவுண்ட்டர்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வரலைன்னு சொல்லவா வந்தீங்க?"

"ஆமா சார். வேற தேதி குடுத்தீங்கன்னா..."

"வராதவங்கள்லாம் இப்படி வந்து நின்னா, வந்தவங்களை நான் எப்ப சார் பாக்கறது?"

நியாயமான கேள்வி! அவருக்குப் பின்னால் ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர். எனக்குப் பின்னால் எப்படியும் நூற்றைம்பது பேர். கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. "லெட்டர் எழுதிக் குடுக்கட்டுமா?" என்றேன். "அதை நான் எங்கே வைக்கிறது? ஆள் வந்தா பேர் எழுதுவோம். வரலைன்னா எழுத மாட்டோம். அடுத்த புதன் கூட்டிட்டு வாங்க."

விஷயம் புரிகிறதா சார்? அங்கே வந்தவர்களுக்கு நோட்டு இருக்கிறது. வராதவர்களுக்கு நோட்டு கிடையாது. நோட்டு இல்லாததால் வராதவர்களே கிடையாது.

அடுத்த புதன், வாடகைக் கார் பிடித்து மாமாவை முன் சீட்டில் ஏற்றி, வீல்சேரை டிக்கியில் மடித்துப் போட்டு, எட்டரைக்கே போய்விட்டோம். பதினொன்றரைக்கு ஓர் அறிவிப்பு. அன்றைக்கு வர வேண்டிய டாக்டர் ஒரு வழக்கில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பிரிவுக்காரர்கள் அடுத்த வாரம் வரவும்.

டாக்டர் பேரில் தப்பில்லை. சம்மன் வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அதே டாக்டர்தான் காலையில் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார், ஆபரேஷன் செய்கிறார், நடுவில் இதற்கும் வருகிறார். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டாக்டர் வராததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனோம். போன வாரம் மாமா வராததற்கும் காரணம் இருந்தது. அதைக் கேட்கத்தான் மைக் இல்லை.

காரில் திரும்பும்போது மாமா சொன்னார்:

"மாப்ளே, சரக்கு ஏத்திட்டுப் போறோம். அங்க கோடவுன்ல இறக்க ஆளில்லை. லாரி திரும்பி வருது. வாடகை யார் குடுக்கறது?"

"அனுப்பினவங்களா மாமா?"

"இந்த கம்பெனியில எப்பவுமே சரக்குதான் குடுக்கணும். எல்லாமே டூ-பே!"

* * *

அந்த இரண்டாவது புதனில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கூட இருபது வயசுப் பையன். மனவளர்ச்சி குன்றியவன். கூட்டம், சத்தம், மைக் என்றால் அவனுக்கு ஆகாது. பெயர் கூப்பிடுகிற சமயம் காதைப் பொத்திக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஓடிவிட்டான். அவனைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, சமாதானம் செய்து அந்த அம்மா திரும்பி வருவதற்குள் வரிசை முடிந்துவிட்டது.

"இது மூணாவது தடவை தம்பி. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். நான் வீட்டு வேலைக்குப் போறேன். மூணு நாள் சம்பளம் போச்சு" என்றார். அழவில்லை. பழகிவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பையன் எதனால் தவறவிட்டான்? அவனுக்கு என்ன பிரச்னையோ அதனால்தான். அதைத்தான் உள்ளே உட்கார்ந்து டாக்டர் அளக்கப் போகிறார். குறை அதிகமாக இருக்கிறவன்தான் அளக்கும் இடத்துக்கு வந்து சேர முடியாமல் போகிறான். கொஞ்சமாக இருக்கிறவன் எட்டு மணிக்கே வந்து முதல் டோக்கன் வாங்கிவிடுகிறான்!

இதற்கு எங்கள் வீட்டிலேயே நிரூபணம் அடுத்த வாரம் கிடைத்தது.

மூன்றாவது புதன். டாக்டர் இருந்தார். கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கை கால் இயக்கத்துக்கு 50 சதவீதம் எழுதினார். நல்ல மனுஷர். "காதும் கேக்கலைன்னா அதையும் பாத்துடுங்க. ரெண்டும் சேர்த்தாத்தான் சரியா வரும்" என்று காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே போய் உட்கார்ந்தோம். "ஸ்கேன் ரிப்போர்ட் ஜெராக்ஸ் ஒண்ணு குறையுது, எடுத்துட்டு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நான் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நேரம், உள்ளே மாமாவின் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மாமாவுக்குக் கேட்கவில்லை.

மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். மாமா சுவரில் இருந்த போலியோ போஸ்டரை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாவது தடவையும் பதில் இல்லாததால், ஆள் இல்லை என்று பேப்பரை அடியில் தள்ளிவிட்டார்கள். பேப்பர் மறுபடி மேலே வந்தபோது மணி ஒன்று. சோதனை செய்பவர் கிளம்பிவிட்டார்.

காது கேட்கிறதா என்று சோதிக்கும் இடத்தில், காதால் கேட்டு எழுந்து வந்தால்தான் சோதனை! "கேட்டு எந்திரிச்சிருந்தேன்னா, காது நல்லாத்தான இருக்குன்னு திருப்பி அனுப்பியிருப்பான் மாப்ளே" என்றார் மாமா. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளத்துக்குக்கூட ஒரு கச்சேரியாவது மிஞ்சும்.

நாலாவது தடவை, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். இந்தத் தடவை நான் மாமா பக்கத்தை விட்டு அசையவில்லை. காதுக்கு 40 சதவீதம்.

* * *

பி.காம். படித்ததற்கு ஏதாவது உபயோகம் வேண்டாமா? கணக்குப் போட்டேன்.

ஒரு தடவைக்குக் கார் வாடகை 1,400. டீ, டிபன், இளநீர் 220. ஜெராக்ஸ், போட்டோ வகையறா 90. தூக்கி இறக்கக் கூட வந்த மாமா பையனுக்கு டைல்ஸ் கடையில் போன ஒரு நாள் கூலி 700. ஆக மொத்தம் 2,410. மூன்று தடவைக்கு 7,230. நான் 'வரலைன்னு சொல்ல' போய்வந்த பஸ் சார்ஜ் 64. கிராண்ட் டோட்டல் 7,294.

வரவுப் பக்கம்? வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 2023 ஜனவரியிலிருந்து 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். அது கிடைத்தால், முதல் ஐந்து மாசப் பணம் இந்த அலைச்சலுக்கே சரி. ஒரே தடவையில் முடிந்திருந்தால் இரண்டு மாசத்தோடு போயிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கை கால் 50, காது 40. மாமா கூட்டிப் பார்த்து 90 என்று குதித்தார் (ஒற்றைக் காலில்). சர்டிபிகேட்டில் வந்ததோ 68. ஏன்? அரசாங்கம் இரண்டு குறைகளை அப்படியே கூட்டுவதில்லை. அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், 50. தொண்ணூறிலிருந்து அதைக் கழித்தால் 40. அதைச் சின்ன எண்ணால், அதாவது 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 17.8. இதை 50-உடன் சேர்த்தால் 67.8. ரவுண்டாக 68. எப்படிக் கூட்டினாலும் நூறைத் தாண்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. லாஜிக் இருக்கிறது. ஆனால் லாரி ஆபீஸ் கணக்கருக்கு இது ஆயுசுக்கும் ஜீரணமாகாது. "அம்பதும் நாப்பதும் அறுபத்தெட்டா? எங்க மொதலாளிகிட்ட இப்படிக் கணக்குக் காட்டியிருந்தா வெளிய தள்ளியிருப்பார்."

இந்தப் பரீட்சையில் 40 என்பது முக்கியமான எண். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல்படி அதுதான். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, வருமான வரியில் கழிவு என்று பலதும் அந்தப் படியைத் தாண்டினால்தான். நம் மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2023 நிலவரப்படி 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதற்கு 75 வேண்டும். மாமாவுக்கு ஏழு மார்க் குறைவு. 'உங்களுக்கு ஊனம் போதாது' என்று கேட்டு மனுஷன் வருத்தப்படுகிற பரீட்சை உலகத்திலேயே இது ஒன்றுதான்.

அந்தக் காதுச் சோதனையை 'சீ, போதும்' என்று மூன்றாவது தடவையோடு விட்டிருந்தால் மாமா 50-ல் நின்றிருப்பார். தவறவிட்ட ஒரு தேதிக்கு 18 சதவீதம் விலை.

* * *

வெளிநாட்டில் எப்படி? இங்கிலாந்தில் 'பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட்' என்று ஓர் உதவித்தொகை, 2013-ல் வந்தது. அங்கேயும் சோதனை உண்டு. நேரில் வரச் சொன்னால் ஏழு நாள் முன்பே எழுத்தில் தகவல் தர வேண்டும். வராவிட்டால் உதவித்தொகை இல்லை என்று முடிவெடுத்துவிடலாம். விதி கடுமைதான். ஆனால் ஒரே ஒரு வார்த்தை அதில் இருக்கிறது: 'தகுந்த காரணம் இல்லாமல்' வராவிட்டால்! காரணத்தைக் கேட்க வேண்டும். கேட்கும்போது அந்த ஆளின் உடல்நிலையையும் அவருக்கு என்ன குறை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அடுத்த விதி சொல்கிறது. சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிய நம் பையனுக்கு அந்த விதியில் ஓர் இடம் இருக்கிறது.

உடனே 'லண்டன் சொர்க்கம்' என்று பெருமூச்சு விட வேண்டாம். அங்கே காரணத்தை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரி கையில்தான். மறுத்தால் மேல்முறையீடு, டிரிபியூனல் என்று அலைய வேண்டியதுதான். கென் லோச் எடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' என்ற படம் 2016-ல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கியது. மாரடைப்பு வந்த ஒரு தச்சரை 'உன்னால் வேலை செய்ய முடியும்' என்று ஒரு சோதனை சொல்லிவிடுகிறது, அப்புறம் அவர் படும் பாடுதான் கதை. ஆகவே அலைச்சல் அங்கேயும் உண்டு. வித்தியாசம் இதுதான்: அங்கே வராதவன் மேல் நடவடிக்கை எடுப்பார்கள், அதனால் வராதவன் என்று ஒருத்தன் இருப்பதாவது தெரியும். இங்கே நடவடிக்கையே இல்லை. கைவிட்டு வீட்டோடு இருந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஆனால் அப்படியே எத்தனை நாள் விட முடியும்? 2024 அக்டோபரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. சான்றிதழ் தர ஒரு மாசமாக இருந்த கெடு மூன்று மாசமானது. கூடவே இன்னொன்று: விண்ணப்பதாரர் பின்தொடராமல் இரண்டு வருஷத்துக்கு மேல் விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தால், அது செயலிழந்துவிடும். அப்புறம் புதிதாகப் போட வேண்டும், அல்லது அதிகாரியைப் பார்த்து உயிர்ப்பிக்கச் சொல்ல வேண்டும். ஆக, கவுண்ட்டரில் நோட்டு இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

* * *

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு மாமா இருந்தால், நாலு தடவை அலைந்தவன் என்ற தகுதியில் சில வார்த்தைகள்:

போகும் முன் கிழமையை விசாரியுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். எலும்பு, கண், காது, மனநலம் எல்லாம் ஒரே நாளில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தாலுகா அளவில் சிறப்பு முகாம்களும் நடக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் தேதி சொல்வார்கள்.

போக முடியவில்லையா? வெள்ளைத்தாளில் நாலு வரி. பெயர், விண்ணப்ப எண், தேதி, வராத காரணம், வேறு தேதி வேண்டும். அதே நல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கவுண்ட்டரில் டிரே இல்லை என்றால் தபால்காரர் மூலமாக டிரேயை நாமே உண்டாக்க வேண்டியதுதான். ஜுரம் என்றால் அன்றைய டாக்டர் சீட்டையும் கூடவே பின் செய்யுங்கள்.

கூட்டத்தில் உட்கார முடியாதவர், பெயர் கூப்பிட்டால் கேட்காதவர், நடுவில் பாத்ரூம் போக அரை மணி ஆகிறவர் என்றால், அதை டோக்கன் வாங்கும்போதே சொல்லுங்கள். முடிந்தால் சீட்டின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். சொன்னால் பல இடங்களில் முன்னால் விடுகிறார்கள். மனுஷர்கள் கெட்டவர்கள் இல்லை சார், அவர்களுக்குத் தெரிவதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிச் சோதிப்பது என்பதையும் எழுத்திலேயே கேளுங்கள். குழந்தைகள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தாங்களே விண்ணப்பிக்க முடியாதவர்கள் இவர்களுக்காகக் காப்பாளர் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

டாக்டர் முன்னால் வீரம் வேண்டாம். நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம், டாக்டரைக் கண்டதும் "இப்ப பரவால்லீங்க" என்று சொல்லிவிடுவார்கள். மாமாவும் சொல்லப் பார்த்தார், அத்தை இடது கையில் கிள்ளினார் (உணர்ச்சி இருந்த கை!). நடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நல்ல நாளில் என்ன முடிகிறது, மோசமான நாளில் என்ன முடியவில்லை, இரண்டையும் சொல்லுங்கள்.

முடிவு சரியில்லை என்று தோன்றினால் 2016 சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஒன்றும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கவே இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் 'ஆயிரம் குடுங்க, முடிச்சுத் தரேன்' என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

கடைசியாக, இளைஞர்களுக்கு. மாசச் சம்பள ஆபீஸ்களில் சி.எல். என்று வருஷத்துக்குக் கொஞ்சம் நாள் உண்டல்லவா? அதில் ஒரு நாளை இப்படி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு எழுதி வையுங்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது பணம்கூட இல்லை. பையன் ஓடும்போது வரிசையில் நின்று, "ஒரு நிமிஷம் சார், வந்துடுவாங்க" என்று சொல்ல ஓர் ஆள். லீவ் லெட்டரில் நிஜக் காரணத்தையே எழுதலாம். பாட்டிக்கு நூறு வயசு!

மாமாவின் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. இந்த அட்டைகளுக்கு நிறக் கணக்கு இருக்கிறது. 40-க்குக் கீழே வெள்ளை, 40-லிருந்து 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம். மாமாவுக்கு மஞ்சள். ஓய்வூதியத்துக்கு மனு போட்டிருக்கிறோம். தாசில்தார் ஆபீசில் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

2010-ல்தான் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்று ஆக்கினார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு மாமா அதைத்தான் சொன்னார்: "பேரை மாத்திட்டாங்க மாப்ளே, க்யூவை மாத்தலை." அப்புறம் அட்டையை இடது கையில் உயர்த்திப் பிடித்து, மேட்ச் ரெஃப்ரீ மாதிரி எனக்குக் காட்டினார்.

"மஞ்சள் அட்டைதான். இன்னும் ஆட்டத்துல இருக்கேன்!"